ஐந்து கால் யானை

அக்காவுக்கு,

உன் விளம்பரத்தைப் பார்த்தேன். நேரமில்லாத அம்மாக்களும் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாய். நீ டவுன்லோடுக்கு விற்கிற வண்ணம் தீட்டும் பக்கங்கள், அடுப்பில் உலை கொதிக்கும்போது பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் செய்தவை. சும்மா பார்க்கிறேன் என்றுதானே ஃபைலை வாங்கினாய்? பக்கங்களின் அடியிலிருந்த என் ஆன்லைன் கடைப் பெயரை மட்டும் கவனமாக அழித்திருக்கிறாய்.

போனில் கேட்டதற்கு, "நமக்குள்ள என்னடி உன்னுது என்னுது?" என்றாய். போனை வைத்துவிட்டேன்.

அந்த யானையையாவது விட்டிருக்கலாம். ஐந்து கால் வைத்து என் மகள் வரைந்தது அது. விளம்பரத்தில் பார்த்ததும், "நான் வரைஞ்சதுன்னு பெரியம்மா ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

"மறந்திருப்பாங்கடி."

உனக்காகப் பொய் சொன்ன வாயைக் கழுவலாம் போலிருந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் உன் கடையில சொல்லலையேம்மா."

என் கடையிலிருந்து யானையை எடுத்துவிட்டேன். நீயும் எடுத்துவிடு. மற்ற பக்கங்களை நீயே வைத்துக்கொள்; எனக்கு அவற்றைத் தொடவே பிடிக்கவில்லை.

இப்போதெல்லாம் அவள் வரையும்போது நான் பக்கத்தில் போனால், தாளைக் கவிழ்த்துவைத்துவிடுகிறாள்.

உன் தங்கை