யோகனின் டிபன் கேரியர்

கனகம்,

நீ பாசாரிலிருந்து வருவதற்குள் நான் ஃபெரி பிடித்துப் பட்டர்வொர்த் போயிருப்பேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு உன் தம்பி யோகன் வருவான். அவனுக்குப் பிடித்த இறால் குழம்பு வைத்துவிட்டேன். உப்பு மட்டும் பார்த்துக்கொள்.

வழக்கம்போல எனக்குத் தன் கம்பெனி சிகரெட்டும் கொண்டுவருவான். வாங்காதே.

"யோகனா உங்க வாயில வச்சுப் பத்த வைக்கிறான்?" என்று முந்தாநாள் கேட்டாயே, அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். பற்றவைப்பது நான்தான். ஆனால் பழகியவனால் விட முடியாது என்பது அவன் கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். "மனசு வச்சா விட்டுடலாம்லா, அத்தான்" என்கிற யோகன், ஊரெல்லாம் விற்கிறான். ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. ஏன் என்று நீயே கேட்டுப் பார்.

போன வாரம் அவன் வீட்டிலிருந்து புட்டு வந்த டிபன் கேரியர் மேசைமேல் இருக்கிறது. காலியாகத் திருப்பிக் கொடுப்பது உனக்குப் பிடிக்காது. அதனால் வீட்டிலிருந்த சிகரெட் பாக்கெட்டுகளை எல்லாம் அதில் அடுக்கிவிட்டேன்.

சிவகுரு

பி.கு.: ஃபெரியில் பிடிக்க ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்து அதையும் போட்டுவிட்டேன். நான் வருவதற்குள் கேரியரை அவனோடு அனுப்பிவிடு, கனகம்.