விற்க வந்தவரின் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு

அன்பு அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டி வலியும் அம்மாவின் இருமலும் தேவலையா?

அந்தப் பெரிய தண்ணீர் சுத்திகரிப்பு மிஷினுக்கு இன்னும் சரி சொல்லிவிடாதீர்கள். விற்க வந்தவர் இரண்டு கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுத்ததும் நம் குழாய்த் தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது, அவர் மிஷின் தண்ணீர் தெளிவாகவே இருந்தது என்று அம்மா போனில் பயந்தாள். அது அழுக்கு இல்லை, கம்பியின் துரு. உப்பில்லாத தண்ணீரில் கரண்ட் ஓடாது, அவ்வளவுதான். அவர் மறுபடி வந்தால் அவருடைய தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கம்பியை விடச் சொல்லுங்கள். முகத்தில் ஈயாடாது.

ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா நம் குழாயில் பிடித்து என் பையில் திணித்த தண்ணீர் பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. அதை எங்கள் தொழிற்சாலைச் சோதனைக்கூடத்தில் கொடுத்தேன். உப்பு அளவு லிட்டருக்கு இருநூறு மில்லிகிராம்கூட இல்லை, அப்பா! ஐந்நூறு வரை தாராளமாகக் குடிக்கலாமாம்.

"இந்தத் தண்ணிக்கு எதுக்கும்மா அவ்ளோ பெரிய மிஷின்? கிருமியக் கொல்ற சின்ன ஃபில்டர் போதும்" என்றார் சோதிக்கும் அக்கா. நம் வீடே பரீட்சையில் பாஸானது போலக் குதித்தேன்.

"பாட்டில்ல இருக்கற மிச்சத்தக் கொட்டிடவா?" என்று கேட்டார்.

வாங்கி, அங்கேயே நின்று குடித்துவிட்டேன்.

ஷிப்ட் மணி அடிக்கிறது. அடுத்த மாதம் வரும் சித்தப்பாவிடம் தின்பண்டம் எதுவும் வேண்டாம், இரண்டு பாட்டில் தண்ணீர் மட்டும் கொடுத்தனுப்புங்கள். மறுபடியும் சோதிக்க வேண்டும்.

உங்கள் வாயாடி