குரல் இல்லாத கடைசிப் பாட்டு

கிங்ஸ்டன்

அன்புள்ள மெர்லீனுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலியும் பிள்ளையின் இருமலும் குறைந்தனவா?

எங்கள் ரெகே இசைத்தட்டு வந்துவிட்டது. வழக்கம்போல எல்லாப் பாட்டுக்கும் ஒரே மெட்டு, வார்த்தைகள் மட்டும் வேறு, பாட்டுக்கு ஒரு பாடகர். எல்லாவற்றிலும் என் பேஸ் கிட்டார் உண்டு. நாம் இருவரும் சேர்ந்து கட்டிய பாட்டை அந்த மெட்டில் நானே பாடினேன். தயாரிப்பாளர் கான்ராய் சிரித்தார்.

"டேய் ஹோப்டன், உன் விரல் பாடுது, தொண்டை அழுவுது! குரலை எடுத்துட்டு வெறும் மெட்டைக் கடைசியில வச்சிடறேன்."

நானும் சிரித்துவிட்டேன்.

கொஞ்சம் இஞ்சி அனுப்பு. இங்கே கிடைப்பதில் காரமில்லை. உன் பழைய தலைத்துணி ஒன்றும் வேண்டும், கிட்டார் துடைக்க.

இந்தக் கடிதத்தோடு இசைத்தட்டையும் உன்னிடம் கொண்டுவரும் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார். கடைசிப் பாட்டில் குரல் வராது, பழுதென்று நிறுத்திவிடாதே. வார்த்தைகள் உனக்குத் தெரியும். பிள்ளைக்குக் கேட்கும்படி நீ பாடு.

உன்
ஹோப்டன்