அக்கரை தெரியாத மாதங்கள்

இன்று காலை மெல்பேர்னில், கிளென் வேவர்லி நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போது புகை மணத்தது. கோடையில் பெருந்தீ பரவாதிருக்க, மலைப்பக்கக் காடுகளை இப்போதே அளவாகக் கொளுத்துகிறார்கள். பக்கத்தில் நின்ற பெண் கண்ணை மூடி முகர்ந்துவிட்டு, என்ன நல்ல வாசனை என்றாள். நான் ரயிலை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி எல்லா யன்னல்களையும் அடைத்தேன். "இது கொஞ்சப் புகைதானே, பயப்பிடாதையும்" என்றார் என் கணவர். பயமில்லை. என் சிநேகிதியே, நடக்கக்கூடாதது உனக்கு நடந்து முடிந்துவிட்டது. இப்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

உன் மெல்பேர்ன் வசந்தங்கள் எல்லாம் என் கண்முன் நடந்தவை. புல் பூத்து வடக்குக் காற்றும் அடித்தால் உனக்கு இழுப்பு வந்துவிடும். இடிமழை வந்தால் புல்லின் பூந்தூள் உடைந்து காற்றெல்லாம் பரவும்; அதனால் இடிமழை என்று வானிலையில் சொன்னால் கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்திவிடுவோம். மருத்துவமனைக்கு உன்னை ஏற்றிக்கொண்டு ஓடும்போது, உன் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். அதனால்தான் உன் கணவருக்குப் போர்னியோவில், மழைக்காட்டு நடுவே ஆற்றோரப் பட்டணம் ஒன்றில் வேலை கிடைத்தபோது நீ துள்ளினாய்.

"வருசம் முழுக்க மழையடி! தூசியாவது புல்லாவது, எல்லாத்தையும் கழுவிப் போடும்."

எல்லோரும் அப்படித்தான் நம்பினோம். வருடத்தில் எவ்வளவு மழை என்று பார்த்தோமே தவிர, எந்த மாதத்தில் பெய்யாது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

முதலில் நீ சொன்னதே சரியாக இருந்தது. மழைக்காட்டு மகாராணி என்று உன்னைச் சீண்டுவேன். உடுப்புக் காயவில்லை, அப்பளம் நமுத்துப் போகிறது என்பவைதான் மகாராணியின் முறைப்பாடுகள். ஓகஸ்டில் மழை ஓய்ந்தது. தோட்டம் போடக் காட்டைக் கொளுத்தினார்கள். காய்ந்த சதுப்பு மண் அடியிலிருந்து கனன்றுகொண்டே கிடக்க, புகை வந்து ஆற்றின்மேல் படுத்துவிட்டது. உன் பல்கனிக்கு நேரே அக்கரையில் ஒரு படகுத்துறை. அது தெரிந்தால் அன்று நீ வெளியே போவாய். பிறகு நான் போனில் சுகம் விசாரிப்பதே, "அக்கரை தெரியுதோ?" என்றுதான்.

அடுத்த வருடம் புகை இன்னும் மோசம். "எல்லாத்தையும் விட்டுப்போட்டு இஞ்ச வாடி" என்றேன். நீ சிரித்தாய், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"இப்ப அங்க புல்லுப் பூத்திருக்குமே. புகைக்குத் தப்பிப் புல்லுக்கு வாறதோ? எனக்கெண்டு நல்ல காத்தை ஆர் கட்டி வச்சிருக்கினம்?"

 அங்கே காடு எரியும் மாதங்களில்தான் இங்கே புல் பூக்கும். இரண்டு ஊரும் ஒரே நேரத்தில் உனக்குக் கதவைச் சாத்தின.

கடைசியாகப் பேசியபோது கமரா வேலை செய்யவில்லை என்றாய். "அக்கரை தெரியுதோ?" என்று கேட்டேன்.

"ஓமடி, வடிவாத் தெரியுது."

நீ போன பிறகுதான் உன் கணவர் சொன்னார்: "அந்தக் கிழமை முழுக்க எங்களுக்கு ஆறே தெரியேல்லை, அக்கா." என்னிடம் எதையும் மறைக்காதவள், மூச்சு முட்டும் நேரத்தில் என் நிம்மதியைப் பார்த்தாயே, பாவி! ஒரு தரம் உண்மையைச் சொல்லி என்னோடு அழுதிருக்கலாம்.

முப்பத்தோராம் நாள், உன் அந்தியேட்டிக்கு நான் அங்கே வந்தபோது மழை தொடங்கிவிட்டிருந்தது. ஆற்றங்கரையில் கிரியை நடந்தது. எதிர்க்கரையில் ஒருத்தி துணி தோய்ப்பதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. உன் அயல்வீட்டுக்காரி என் கையைப் பிடித்து, இப்போது காற்று மிகவும் நல்லது என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அவளை அறையவேண்டும் போல இருந்தது.

ஆனால் அவள் சொன்னது உண்மை. நான் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். ஒரு தடையுமில்லாமல் போய் வந்தது. உன் சாம்பலுக்குப் பக்கத்தில் நின்று அப்படி மூச்சுவிட வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் என்னோடு மெல்பேர்னுக்கும் வந்துவிட்டது. புகை நாட்களில் யன்னலை அடைத்துவிட்டு எப்படியோ சமாளித்துவிடுகிறேன். மழை பெய்து ஓய்ந்து, காற்று சுகமாக இருக்கும் நாட்களில்தான் அழுகிறேன்.