புதன்கிழமைக் கிழங்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், போனில் இதையே சொன்னால் நீ நம்புவதில்லை, எழுத்தில் இருந்தால் நம்புவாய் என்றுதான் எழுதுகிறேன். நீ அனுப்பிய கிழங்குத் தோல் சீவும் மெஷின் உடையாமல் வந்து சேர்ந்தது. அதன் மேல் இரண்டு விளக்குகளும் எட்டு மொழிகளில் எச்சரிக்கையும் இருக்கின்றன. ஐந்து கிலோவை ஆறு நிமிஷத்தில் முடிக்குமாம். அது இன்னும் பெட்டியை விட்டு இறங்கவில்லை. அடுத்த மாதம் வரும்போது நானே மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று சொன்னாயே, அது வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கோபப்படாமல் முழுக்கப் படி.

எதிர் மாடியில் இருக்கும் நில அளவை ஆபீசில் இருபத்திரண்டு பேருக்கு நான் மதியச் சாப்பாடு அனுப்புவது உனக்குத் தெரியும். வியாழக்கிழமை என்றால் மசித்த உருளைக்கிழங்கு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை மடங்கிப் போனதிலிருந்து, கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரம் ஒருமுறை வருகிறாள். முதல் நாளே ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினம் நூறு தடவை அமுக்குங்க ஐயா என்றாள். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன், பந்தைப் பிசைஞ்சா சாயங்காலம் பந்துதானே மிச்சம் என்று கேட்டுவிட்டு அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார். கிழங்கு அப்படியில்லை, யாராவது சாப்பிடுவார்கள். அதனால் அவராகவே பீலரைக் கேட்டு வாங்கினார். ஐந்து கிலோவுக்கு அவருக்கு ஒரு மத்தியானம் முழுக்க வேண்டும். வண்டி ஒன்றரைக்குக் கிளம்பும், ஐந்துக்குச் சேரும், வழியில் யார் கை காட்டினாலும் நிற்காது. வியாழன் காலையில் இந்த வேகம் கட்டுப்படியாகாது என்பதால் புதன்கிழமையே சீவி வைப்பது என்று ஏற்பாடு.

முதல் வாரம் சீவினதை ஈரத்துணி போட்டு மூடி வைத்தோம், காலையில் பார்த்தால் அத்தனையும் சிலேட்டு நிறம். அடுத்த வாரம் அண்டாத் தண்ணீரில் போட்டோம். உனக்கும் உதவும், கேட்டுக்கொள். முழுசாகவே போடவேண்டும், நறுக்குவது காலையில்தான், ஒரு கிழங்குகூடத் தண்ணீருக்கு மேல் தலை தூக்கக் கூடாது, தூக்கினால் ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கி வை. குளிர்ந்த இடமாக இருக்கட்டும், இருட்டுவதற்குள் ஒருமுறை தண்ணீரை மாற்று. காலையில் அதைக் கொட்டிவிட்டுப் புதுப் பச்சைத் தண்ணீரில் போட்டு, அதன் பிறகு அடுப்பைப் பற்ற வை, கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளியே கரைந்துவிடும், உள்ளே வேகாது. இப்படி ஏழு வாரம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அப்பாவின் சுண்டுவிரல்கூட நீண்ட விடுப்பு முடிந்து மெதுவாக வேலைக்குத் திரும்பியது.

நன்றாக நடக்கிற காரியத்தைச் சும்மா விட்டால் அவர் உன் அப்பா இல்லையே. கீழ்வீட்டுத் தையல்காரர், தண்ணியில ஒரு ஸ்பூன் வினிகர் ஊத்துங்க அண்ணே, வெள்ளை வெளேர்னு இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். ஒரு ஸ்பூனுக்கே அப்படியென்றால் அரை பாட்டிலுக்கு எப்படி இருக்கும் என்று இவர் யோசித்து, ஊற்றியும் வைத்திருக்கிறார். காலையில் கிழங்கு பற்பசை விளம்பரம் மாதிரி இருந்தது. இவ்வளவு அழகான தண்ணீரைக் கொட்டுவானேன் என்று நான் அப்படியே அடுப்பில் ஏற்றிவிட்டேன், தப்பில் பாதி என்னுடையது. ஒன்பதரைக்கு ஏற்றியது பதினொன்றுக்கும் வேகவில்லை, பன்னிரண்டுக்கும் வேகவில்லை. புளிப்புத் தண்ணீரில் கிழங்கு மசியாது என்பது இத்தனை வருஷம் அடுப்படியில் நின்ற எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வேறு வழியில்லாமல் மசிக்காமல் துண்டாகவே அனுப்பினேன். ஆபீசிலிருந்து போன் வந்தது. அக்கா, நாங்க எல்லைக்கல்லை நடுறவங்கதான், அதுக்காகத் தட்டுல வெச்சா எப்படி என்றார் அங்கே இருக்கும் பெரிய அதிகாரி. பின்னால் மற்றவர்கள் சிரித்தது கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அப்பாவுக்கும் கேட்டது.

அவர் பீலரைக் கழுவித் துடைத்து இழுப்பறையில் வைத்தார். பொண்ணு மெஷின் அனுப்புறேன்னாளே, அதையே வெச்சுக்க, இனிமே நான் எதுக்கு என்றார். நான் சுத்தமாக இருந்த அடுப்பையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பயிற்சிப் பெண் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னம்மா இது மறுபடியும் இறுகிப் போச்சு, இப்படியே விட்டா அப்புறம் விரியாது என்றாள். உன் மெஷினும் அந்த வாரம்தான் வந்தது. நீ நல்லதுக்குத்தான் அனுப்பினாய், அவர் மட்டும் தன் சீட்டில் வேறு ஓட்டுநர் உட்கார்ந்திருப்பதைப் போல அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

போன புதன் நானே அவருக்கு எதிரில் உட்கார்ந்து சீவ ஆரம்பித்தேன். நான் சீவினால் தோலோடு கால் கிழங்கு போகும் என்பது ஊரறிந்தது, அன்றைக்குப் பாதி போனது. வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்ல மாட்டேன், ஜாக்கிரதையாகவும் செய்யவில்லை. நாலாவது கிழங்கில் அவருக்குத் தாங்கவில்லை. கிழங்கு சீவுறியா, கட்டை செதுக்குறியா, கொண்டா இங்கே என்று பிடுங்கிக்கொண்டார். வினிகர் பாட்டிலை நான் முன்பே தையல்காரருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டிருந்தேன். வண்டி ஐந்து ஐம்பதுக்குத்தான் சேர்ந்தது, விரல் இறுகியதில் ஐம்பது நிமிஷம் தாமதம். மறுநாள் ஆபீசிலிருந்து பாத்திரம் வழித்துச் சாப்பிட்ட மாதிரி காலியாக வந்தது, போன் வரவில்லை.

அதனால் கண்ணு, மெஷினை நீ வரும்போது எடுத்துக்கொண்டு போய் உன் வீட்டில் வைத்துக்கொள். இங்கே ஒரு புதன்கிழமை இருக்கிற மாதிரி டிக்கெட் போடு. அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து வாய் வலிக்கப் பேசு, ஆனால் அவர் கையிலிருப்பதை வாங்காதே. நழுவி விழுந்தால் எடுத்துக் கொடு, அதோடு நிறுத்திக்கொள். ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்ளாதே, உனக்கு அது சரியாக மறைக்க வராது.

இன்னொன்று. நேற்று சாயங்காலம் வாசலுக்குப் போவதற்காகச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். பத்து மாதமாக மேல் பொத்தான் போடுவது என் வேலை. அடுப்படியிலிருந்து வந்து வழக்கம்போல் கையை நீட்டினேன், பொத்தான் ஏற்கெனவே போட்டிருந்தது. நீட்டிய கையைச் சும்மா திருப்பக் கூடாதே என்று நான் காலரைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீயும் அவரிடம் இதைக் கேட்டுவிடாதே.

இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் சாயங்காலத்துக்குள் முடித்துக்கொண்டு, நீண்ட காலம் நன்றாக இருங்கள்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா