ஞாயிற்றுக்கிழமை அடிக்கிற வெள்ளை

பியூலா,

உளுந்தங்கஞ்சி வச்சு மூடியிருக்கேன். ரெண்டு வாயாவது குடி, வெறும் வயித்துல மாத்திரை போடாத.

நேத்து நீ அழுதுக்கிட்டே சொன்ன மாதிரி, அந்த ஸ்பீடு பிரேக்கர ஒடைக்கத்தான் காலையில கடப்பாரையத் தூக்கிட்டுப் போனேன். கை வரல. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ரோட்டத் தாண்டுற எடம். அதுக்காகத்தானே சபைக்காரங்க சேந்து, கர்த்தருக்குச் செய்யிற ஊழியம்னு நாங்களே சிமெண்டு கொழைச்சுப் போட்டோம்.

போட்டது சனிக்கிழமை. மறுநாள் ஓய்வுநாள், அதுமேல வெள்ளைக் கோட்ட திங்கக்கிழமை அடிச்சுக்கலாம்னு சொன்னது நான்தான். ஞாயித்துக்கிழமை பொழுதுசாய விராலிமலையிலேருந்து பைக்ல வந்த நம்ம புள்ள எபிக்கு, ரோட்டுல புதுசா ஒரு மேடு இருக்குன்னு எப்படித் தெரியும்? அதுல விழுந்துதானே நம்மள விட்டுப் போனான். ஒரு போன் போட்டுச் சொல்லக்கூட எனக்குத் தோணல. "ஞாயித்துக்கிழமை பெயிண்ட் அடிச்சா ஒங்க கர்த்தர் கோவிச்சுக்குவாரா?"ன்னு கேட்டியே.

ரெண்டு வாரமா, நம்மளக் கேக்காம அதத் தொட யாருக்கும் மனசு வரல. இன்னைக்கு நானே வெள்ளை அடிக்கப் போறேன். ஆராதனைக்கு வரல. சபை ஐயர் வந்து கேட்டா, ஓய்வுநாள்ல வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லிரு.

சாவி மீட்டர் பொட்டி மேல இருக்கு.

எபி அப்பா

மத்தியானச் சாப்பாட்டுக்குக் காத்திருக்காத. பெயிண்ட் காயிற வரைக்கும் அங்கிட்டேதான் நிப்பேன். வண்டியில வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லணும்: "பாத்து வாப்பா, மேடு இருக்கு."