தொண்டர் படையின் தலைக்கணக்கு

அண்ணா,

போன வாரம் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலையேறி வந்த பஸ்ஸில் ஓர் அம்மா இறங்கினார். என் டீக்கடை பெஞ்சில் பழைய போட்டோ ஒன்றை வைத்தார். "இவன் என்ர தம்பி. இஞ்சதான் செத்தவன் எண்டு அகதி முகாமில சொன்னவை. பேரும் ஊரும் சரியா இருக்கு" என்று உங்கள் பெயரைச் சொன்னார்.

போட்டோவில் இருந்தது நீங்கள் இல்லை. வயசானால் முகம் மாறும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக உங்கள் கிளி மூக்கு ஒருகாலத்தில் அத்தனை சப்பையாக இருந்திருக்காது.

உங்கள் மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம்தான். மிளகு பறிக்க மலையேறி வந்த புதிதிலேயே கவனித்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் திரும்புவீர்கள். "ஏனுங்ணா, பேரை வாடகைக்கு எடுத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்பேன். "வாயைக் குறைச்சுத் தேத்தண்ணியைத் தா, பிள்ளை" என்பீர்கள்.

உங்கள் நாட்டுச் சண்டையில் இருந்த தொண்டர் படையின் கதையை டீ ஆறும்வரை சொல்வீர்கள். மீன் பிடிக்கிறவர், முடி வெட்டுகிறவர், பஸ் கண்டக்டர் என்று எல்லாரும் தாங்களாகவே போய்ச் சேர்ந்தவர்கள். சம்பளம் கிடையாது. தடியை வைத்துத்தான் துப்பாக்கிப் பயிற்சி. உப்பளத்துச் சண்டைக்குப் பிறகு ஆள் குறைந்துகொண்டே வந்தது. சாயங்காலம் பெயர் கூப்பிடும்போது, செத்தவன் பெயர் வந்தால் பக்கத்தில் இருந்தவன் அவனுக்காக "நிக்கிறன்" என்று சொல்ல வேண்டும். அது உங்களுக்குள் வழக்கம். கணக்கில் பெயர் குறைந்தால் அரிசி குறையும், படையையும் கலைத்துவிடுவார்கள்.

"அப்போ செத்தவங்கதான் வயிறாரச் சாப்பிட்டாங்களாக்கும்" என்று சிரிப்பேன். நீங்கள் சிரித்ததில்லை. "நீங்க யாருக்குங்ணா பதில் சொன்னீங்க?" என்றால் பாதி டீயோடு எழுந்து போய்விடுவீர்கள்.

அந்த அம்மாவையும் நான் உடனே நம்பவில்லை. துப்புத் துலக்க வந்த ஆளோ என்று நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது ஒன்றுதான். "இவ்வளவு காலமும் இஞ்ச இருந்திட்டு ஏன் என்னைத் தேடேல்லை? எங்கட முகாம் என்ன, கடலுக்கு அங்காலயோ இருக்கு?" கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம்தான். "உயிரோட இருப்பான் எண்டு நான் திவசம்கூடக் குடுக்கேல்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. செத்துப்போன அவர் தம்பிக்காகப் பதில் சொல்லிச் சொல்லி, அந்தப் பெயரோடேயே இங்கே வரப் படகு ஏறிவிட்டீர்கள்.

"அக்கா, உங்க தம்பி தேடாம இருக்கலீங்க. அவரு அங்க சண்டையிலயே போயிட்டாருங்க. இங்க இருந்தவரு, அவருக்காகப் பதில் சொன்னவருங்க" என்று படையின் வழக்கத்தைச் சொன்னேன். போட்டோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கோபம் இறங்கிய பிறகுதான் அழுகை வந்தது. பஸ் ஏறும்போது, "அந்தப் பேர் அவருக்கே இருக்கட்டும். இவ்வளவு காலம் விழாமல் வச்சிருந்தவர்" என்றார்.

அவர் மனம் ஆறிப் போய்விட்டார். எனக்கு ஆறவில்லை. உங்களுக்கும் ஓர் அக்காவோ தம்பியோ எங்காவது இருப்பார்களே, அண்ணா. அவர்கள் தேடும் பெயரை எனக்குச் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டீர்கள். வெளியூர்க்காரர் யார் கடைக்கு வந்தாலும் உங்கள் ஜாடை தெரிகிறதா என்று உற்று உற்றுப் பார்க்கிறேன். "ஏனுங்க்கா, திருடனைப் பாக்கறாப்பல பாக்கறீங்க?" என்று முறைக்கிறார்கள்.

முறைக்கட்டும். பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.